தகட்டுக்குள் பூட்டப்பட்ட கதாபாத்திரங்கள்

வீடியோ விளையாட்டு உலகில் சண்டை விளையாட்டு என்று தனியே பிரித்துச் சொல்லப்படும் வகையில், இரண்டு கதாபாத்திரங்கள் திரையில் நேருக்கு நேர் நின்று, ஒன்றன் உயிர்க்கோட்டை மற்றொன்று கரைத்துத் தீர்க்கும் வரை மோதுகின்றன. அடி, உதை, தடுப்பு, பிடி ஆகியவற்றுள் எதை எந்தக் கணத்தில் பயன்படுத்துவது என்பதே அதன் கலை. இவ்வகையில் ஒரு விளையாட்டின் செல்வம் அதன் கதையிலோ நிலப்பரப்பிலோ இருப்பதைவிட, தேர்வுத் திரையில் வரிசையாக நிற்கும் கதாபாத்திரங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கென அசைவும் வேகமும் எட்டும் தூரமும் கொண்டது. ஒன்றைக் கைவரப் பழக மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே எதையேனும் பூட்டி வைத்து விற்க நினைக்கும் வணிகரின் கை இங்கே முதலில் போவது கதாபாத்திரங்களின் மேல்தான். 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானிய நிறுவனமான கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்’ என்னும் விளையாட்டின் தகட்டில் 12 பாத்திரங்கள் முழுமையாக எழுதப்பட்டும் பூட்டப்பட்டும் கிடந்தது தெரியவந்தபோது எழுந்த சினம் இவ்வகையின் வரலாற்றில் பெயர்பெற்றது. ஆயினும் பூட்டு அன்று பிறந்ததன்று. அது இவ்வகையோடு கூடவே வளர்ந்தது. இருபது ஆண்டுகளில் மாறியது திறவுகோல்தான்: முதலில் நாணயமாகவும், பிறகு திறமையும் பொறுமையுமாகவும், கடைசியில் கடன் அட்டையாகவும் அது உருமாறியது.

இவ்வகைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது 1991ஆம் ஆண்டு கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. இது ஆர்கேட் எனப்படும், நாணயம் போட்டு ஆடும் பொறிகள் வரிசையாக நின்ற கூடங்களுக்காகச் செய்யப்பட்டது. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க 8 பாத்திரங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் வென்ற பிறகு எதிர்ப்படும் 4 தலைவர்களைக் கணினி மட்டுமே இயக்கியது. அவர்களுடைய அசைவுகளும் படங்களும் ஒலிகளும் பொறிக்குள்ளேயே இருந்தன. அவர்களாக ஆடும் வாய்ப்பு மட்டும் தரப்படவில்லை. அடுத்த ஆண்டே வந்த ‘சாம்பியன் எடிஷன்’ அந்த நால்வரையும் ஆட்டக்காரரின் கைக்குக் கொடுத்ததோடு, இருவரும் ஒரே பாத்திரத்தை எடுத்து மோதவும் இடமளித்தது. பொறிக்குள் பொருத்தும் புதிய மின்சுற்றுப் பலகைக்கு விலை கொடுத்தவர் கூடத்தின் உரிமையாளர். ஆட்டக்காரர் வழக்கம்போல ஓர் ஆட்டத்துக்கு ஒரு நாணயம் போட்டார். உள்ளே இருந்த ஒன்றைத் திறந்துவிட்டு அதற்கு மறுபடி காசு வாங்கும் முறை இப்படி முதலிலேயே தொடங்கிவிட்டது; ஆனால் அதன் சுமை நேராக ஆட்டக்காரரின் தலையில் விழாததால் எவரும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்குள் இவ்விளையாட்டு நுழைந்தபோது கணக்கு மாறியது. 1992ஆம் ஆண்டு சூப்பர் நின்டெண்டோ என்னும் வீட்டுக் கன்சோலுக்கு வந்த பதிப்பு 63 இலட்சம் பிரதிகள் விற்றது. கன்சோல் என்பது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டி. அதில் சொருகும் கார்ட்ரிட்ஜில் விளையாட்டு அடங்கியிருக்கும். அந்தப் பதிப்பில் இருவர் ஒரே பாத்திரத்தை எடுக்க முடியாது என்றுதான் திரை காட்டியது. ஆனால் தொடக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் தோன்றும் நொடிகளுக்குள் குறிப்பிட்ட ஆறு பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் அந்தத் தடை நீங்கிவிடும். இத்தகைய இரகசிய வரிசைகள் விளையாட்டு இதழ்கள் வழியாகவும் பள்ளி மாணவர் வாய் வழியாகவும் பரவின. பூட்டு இருந்தது, திறவும் இலவசமாக இருந்தது. அதைத் தெரிந்து வைத்திருப்பதே ஒரு பெருமையாகவும் இருந்தது. 1993இல் அதே கன்சோலுக்கு வந்த ‘டர்போ’ பதிப்பில் நான்கு தலைவர்களும் ஆடக் கிடைத்தார்கள். முன்னதை முழு விலை கொடுத்து வாங்கியவர் அதற்கும் முழு விலையே கொடுத்தார். பிற்காலத்தில் கேப்காமைப் பற்றிச் சொல்லப்பட்ட குறைகளில் பெரும்பாலானவற்றின் விதை இங்கே இருக்கிறது.

அதே காலத்தில் கேப்காம் வேறொரு பூட்டையும் செய்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பலகைகளைக் கள்ளத்தனமாக நகலெடுத்து, வேகத்தையும் அசைவுகளையும் மனம்போல் மாற்றி விற்றவர்களால் நொந்துபோன நிறுவனம், 1993இல் அறிமுகப்படுத்திய சிபிஎஸ்-2 என்னும் புதிய பலகையில் நிரலை மறையாக்கம் செய்து, அதாவது உரிய எண் இல்லாமல் வாசிக்க முடியாதபடி குலைத்து எழுதி, அதைப் படிக்கும் எண்ணை ஒரு சிறு மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்தது. மின்கலம் தீர்ந்தால் எண் அழியும்; எண் அழிந்தால் பலகை ஊமையாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய கூட உரிமையாளர் பல ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்க நிறுவனத்தையே நாட வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று; பழைய பொறிகளைப் பேணுவோர் அந்த மின்கலத்துக்குத் தற்கொலை மின்கலம் என்று பெயர் வைத்தார்கள். ஆட்டக்காரரின் கண்ணுக்கு இந்தப் பூட்டு புலப்படவேயில்லை. விற்ற பொருளின் திறவுகோலை விற்றவரே வைத்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் இத்தொழிலில் வேரூன்றியது.

ஆட்டக்காரர் பூட்டை வெறுக்காமல் விரும்பிய காலமும் இதுவே. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ‘எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ என்னும் அமெரிக்க இதழ், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் ஷெங் லாங் என்ற மறைந்த குரு ஒருவர் இருப்பதாகவும், ஓர் அடிகூடப் படாமல் இறுதி வரை வென்று கடைசித் தலைவனுடன் தொடாமலே சுற்றுகளைக் கடத்தினால் அவர் தோன்றுவார் என்றும் முட்டாள்கள் தினக் கதை ஒன்றை அவிழ்த்துவிட்டது, கூடங்களில் காசைக் கொட்டி அவரைத் தேடியவர்கள் ஏராளம். அந்த ஏக்கத்தைக் கேப்காம் வீணாக்கவில்லை. 1994இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் அகுமா என்னும் பாத்திரத்தை உண்மையாகவே ஒளித்து வைத்தது, தேர்வுத் திரையில் சில பாத்திரங்களின் மேல் குறிப்பிட்ட வரிசையில் நகர்ந்து, குறிப்பிட்ட பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவோருக்கே அவர் கிடைத்தார். மிட்வே நிறுவனம் 1992இல் வெளியிட்ட ‘மோர்ட்டல் காம்பேட்’ ரெப்டைல் என்ற மறைந்த எதிரியை வைத்து இதே வித்தையைச் செய்திருந்தது.

நாம்கோ நிறுவனத்தின் ‘டெக்கன்’ வரிசைதான் ஒளித்து வைப்பதை ஒழுங்கான வணிக முறையாக்கியது. 1995இல் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு வந்த முதல் ‘டெக்கன்’ 8 பாத்திரங்களோடு தொடங்கும். ஒவ்வொன்றாலும் ஆட்டத்தை முடிக்க, அதற்கு எதிராக நின்ற துணைத் தலைவர் ஆடக் கிடைப்பார். ஆர்கேடுக்கு 1997இல் வந்த ‘டெக்கன் 3’ வேறு வழியைப் பின்பற்றியது: பொறிக்குள் எல்லாப் பாத்திரங்களும் முதல் நாளே இருந்தாலும், பொறி ஓடிய காலத்தைக் கணக்கிட்டு வாரங்கள் செல்லச் செல்ல ஒவ்வொருவராகத் திறந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. இது காலத்தால் திறக்கும் பூட்டு. கூடத்துக்கு வருவோரின் ஆர்வம் முதல் மாதத்தோடு வற்றிவிடாமல் காப்பதே அதன் நோக்கம். அதனால் இலாபமடைந்தவர் கூட உரிமையாளர், ஆட்டக்காரருக்கும் மறுபடி வந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. கேப்காமின் ‘மார்வெல் வர்சஸ் கேப்காம் 2’ (2000) இன்னும் துணிந்து, 56 பாத்திரங்களில் 24ஐ மட்டும் தொடக்கத்தில் காட்டியது. ஆர்கேடில் பொறி சேர்க்கும் அனுபவப் புள்ளிகளுக்கேற்ப மற்றவர்கள் வெளிவர, வீட்டுப் பதிப்பில் ஆடிச் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து விளையாட்டுக்குள்ளேயே இருந்த ஒரு கடையில் அவர்களை வாங்க வேண்டியிருந்தது. மோர்ட்டல் காம்பேட் வரிசையின் ‘டெட்லி அலையன்ஸ்’ (2002) 676 சவப்பெட்டிகள் அடுக்கிய ஒரு நிலவறையையே கட்டி, ஆடி வென்ற போலி நாணயங்களால் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னது. பாத்திரமோ உடையோ ஓவியமோ உள்ளே இருக்கலாம், சில பெட்டிகள் வெறுமையாகவும் இருந்தன. நின்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ (2001) விளையாட்டில் மியூட்டூ என்ற பாத்திரத்தைப் பெற மொத்தம் 20 மணி நேரம் பிறரோடு மோதியிருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஆடினால் அது 5 மணி நேரத்தில் கிடைக்கும் என்பதால், நண்பர்களைக் கூட்டி வைக்கும் உத்தியாகவும் அந்தப் பூட்டு பயன்பட்டது.

இந்த நிலவறைகளும் கடைகளும் பின்னால் வரப்போவதற்கு ஆட்டக்காரரின் கையையும் மனத்தையும் பழக்கிவிட்டன என்று கொள்வதில் தவறில்லை. விளையாட்டுக்குள் ஒரு கடை, அதற்கென ஒரு நாணயம், விலைச்சீட்டு ஒட்டிய பாத்திரம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அமைந்திருந்தன. உண்மைப் பணம் உள்ளே நுழையும் குழாய் ஒன்றுதான் இல்லை. அந்தக் குழாயை இணையம் இட்டது. மைக்ரோசாஃப்ட் 2002ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையும், 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 ஆகிய கன்சோல்களின் இணையக் கடைகளும், விளையாட்டை விற்ற பிறகும் அதற்குக் கூடுதல் பகுதிகளை விற்கும் வழியைத் திறந்தன. இவ்வாறு பின்னர் இணையம் வழி இறக்கிச் சேர்க்கும் பகுதிக்கு டிஎல்சி என்று பெயர். எக்ஸ்பாக்ஸ் கடையில் பொருள்களுக்கு டாலரில் விலையிடாமல், ஒரு டாலருக்கு 80 வீதம் முன்கூட்டியே வாங்கிய புள்ளிகளில் விலையிட்டார்கள். செலவழிப்பது பணம்தான் என்ற உறுத்தல் இதனால் மங்கியது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஆப்ளிவியன்’ என்னும் வேறு வகை விளையாட்டில் குதிரைக்குக் கவசம் 200 புள்ளிகளுக்கு, அதாவது இரண்டரை டாலருக்கு விற்கப்பட்டபோது உலகம் நகைத்தது. நகைத்தவர்களிலும் பலர் வாங்கினார்கள்.

சண்டை விளையாட்டு தயாரிப்போருக்கு இங்கே பிற வகைகளில் இல்லாத ஒரு சிக்கல் காத்திருந்தது. இந்த வரலாற்றின் மையமும் அதுவே. தனி ஒருவர் ஆடும் கதை விளையாட்டில் ஒருவர் வாங்கிய குதிரைக் கவசம் மற்றவருக்குத் தேவையில்லை. சண்டை விளையாட்டிலோ ஒருவர் வாங்கிய பாத்திரம் வாங்காதவரின் திரையிலும் தோன்றியாக வேண்டும். இணையம் வழி மோதும்போது இரு கன்சோல்களும் படத்தை ஒன்றுக்கொன்று அனுப்புவதில்லை, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்பி, மோதலை இரண்டும் தத்தம் பக்கத்தில் தனித்தனியே நடத்திக் காட்டுகின்றன. ஆகவே பாத்திரத்தின் உருவமும் அசைவுகளும் மோதல் கணக்குகளும் வாங்காதவரின் பெட்டியிலும் முழுமையாக இருந்தாக வேண்டும். நெதர்ரியல்ம் ஸ்டுடியோஸ் 2011இல் ‘மோர்ட்டல் காம்பேட்’ வரிசையைப் புதுப்பித்து, ஸ்கார்லெட், கென்ஷி, ரெய்ன், ஃப்ரெடி க்ரூகர் ஆகிய நால்வரை வெளியீட்டுக்குப் பின் விற்றபோது, வாங்காதவர்களும் அவர்களோடு மோதும்படி ஒத்திசைவுப் பொதிகள் என்ற இலவசக் கோப்புகளை வழங்கியது. இலவசமாக இறங்கும் பொதியில் பாத்திரம் இருக்கும். அதை எடுத்து ஆடும் உரிமைக்குத்தான் விலை.

கேப்காமின் கையில் இதே ஆண்டுகள் குழப்பமாகவே கழிந்தன. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ 2009இல் வீடுகளுக்கு வந்தது. 2010இல் 10 புதிய பாத்திரங்களோடு ‘சூப்பர்’ பதிப்பு தனித் தகடாக 40 டாலருக்கு வந்தது. 2011இல் வந்த ‘ஆர்கேட் எடிஷன்’ தகடாகவும் 15 டாலர் கூடுதலாகவும் இரு வழிகளில் விற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘மார்வெல் வர்சஸ் கேப்காம் 3’க்கு இரண்டு பாத்திரங்கள் ஐந்தைந்து டாலருக்குத் தரப்பட்டன; மேலும் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, ஒன்பதே மாதங்களில் 12 பேர் சேர்ந்த ‘அல்டிமேட்’ பதிப்பு புதுத் தகடாக வந்து நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய பெரு நிலநடுக்கம் வேலையைக் குலைத்ததால் சிறிது சிறிதாக விற்கும் திட்டம் கைவிடப்பட்டதாகத் தயாரிப்பாளர் தரப்பில் விளக்கம் வந்தது. நம்பத்தக்க விளக்கம்தான். ஆனால் வாங்கியவர் மனத்தில் அது ஆறுதலாக இறங்கவில்லை. 1993இன் ‘டர்போ’ கார்ட்ரிட்ஜை நினைவில் வைத்திருந்த தலைமுறை அது.

இந்த மனநிலையின் நடுவே வந்ததுதான் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்’. யோஷினோரி ஓனோவின் தயாரிப்பில், கேப்காம், நாம்கோ ஆகிய இரு போட்டி நிறுவனங்களின் பாத்திரங்களும் இருவர் இருவராக அணி சேர்ந்து மோதும்படி அமைந்த இவ்விளையாட்டு, 2012 மார்ச் 6 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரு கன்சோல்களுக்கும் பொதுவாக 38 பாத்திரங்கள். பிளேஸ்டேஷன் 3இல் மட்டும் பேக்-மேன், மெகா மேன் உள்ளிட்ட மேலும் 5 பேர். சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டாவுக்குப் பின்னர் வரவிருந்த பதிப்பில் சகுரா, பிளாங்கா, கை, கோடி, எலீனா, டட்லி ஆகிய கேப்காம் அறுவரும், பிரையன், லார்ஸ், லெய், ஜாக், அலிசா, கிறிஸ்டி ஆகிய டெக்கன் அறுவரும் சேர்வார்கள் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. தகடு கடைக்கு வந்த நாள்களிலேயே, மாற்றியமைத்த கன்சோல்களைக் கொண்டு அதன் கோப்புகளைத் துருவியவர்கள் அந்த 12 பேரும் குரல், உடை, அசைவு, முடிவுக் காட்சிகளோடு ஏற்கெனவே தகட்டில் இருப்பதைக் கண்டு படமெடுத்துப் பரப்பினார்கள். சிலர் அந்தப் பாத்திரங்களோடு இணையத்தில் இறங்கி, காசு கொடுத்து வாங்கிய நேர்மையாளர்களையே உதைத்துத் தள்ளினார்கள். இப்படி ஆடுவோரைத் தடைசெய்யும் பொறுப்பு மைக்ரோசாஃப்டின் பக்கம் தள்ளப்பட்டது.

கேப்காம் சொன்ன விடை இரண்டு பகுதி கொண்டது. பின்னால் பாத்திரங்களை வாங்குவோரும் வாங்காதோரும் தடையின்றி ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பதற்காகவும், கன்சோலின் சேமிப்பிடம் வீணாகாமல் இருக்கவும் அவற்றைத் தகட்டிலேயே வைத்ததாக நிறுவனம் விளக்கியது. அமெரிக்காவில் வணிகங்கள் மீதான முறையீடுகளைக் கேட்கும் பெட்டர் பிசினஸ் பீரோ என்ற அமைப்பிடம் போன முறையீட்டுக்கு விடையளிக்கையில், தகட்டில் பூட்டியிருப்பதற்கும் பின்னர் இணையம் வழி அனுப்புவதற்கும் விநியோக வழியைத் தவிர வேறுபாடில்லை என்ற வாதத்தையும் அது முன்வைத்தது. வாதங்கள் இரண்டும் தொழில்நுட்ப அளவில் சரியானவை. முந்தைய ஆண்டின் ஒத்திசைவுப் பொதிகள் செய்த வேலையைத்தான் இந்தத் தகடு முன்கூட்டியே செய்து வைத்திருந்தது. ஆயினும் ஆட்டக்காரர் தரப்பின் சினத்தை அறியாமை என்று ஒதுக்குவது பிழை. அவர்கள் கேட்டது கோப்பு எவ்வழியே வருகிறது என்பதை அன்று. 60 டாலர் விலை குறித்த நாளில் எது செய்து முடிக்கப்பட்டிருந்தது என்பதை. பின்னர் உழைத்துச் செய்வதற்குப் பின்னர் விலை கேட்பது நியாயம் என்று டிஎல்சியை அதுவரை தற்காத்து வந்தவர்களுக்கு, தகட்டில் கிடந்த பன்னிருவரே எதிர்ச்சாட்சி ஆனார்கள். பாத்திரங்களுக்கு வலிமையும் வேகமும் கூட்டும் ஜெம் என்னும் கற்களில் சில, முன்பதிவு செய்தவருக்கும் குறிப்பிட்ட கடைகளில் வாங்கியவருக்கும் மட்டுமே கிடைத்ததும் அந்த ஐயத்தை வளர்த்தது.

ஜூலை 31 அன்று பன்னிருவரும் 20 டாலருக்கு விற்பனைக்கு வந்தார்கள். விளையாட்டின் விலையில் அது மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 50 பாத்திரங்களில் 12 என்பதோ நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அம்மாதத் தொடக்கத்தில் நடந்த, இவ்வகையின் பெரும் போட்டியான எவோ, அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. விளையாட்டின் விற்பனை நிறுவனம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. ஒரே வகை விளையாட்டுகளைக் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து வெளியிட்டதே காரணம் என்று நிறுவனத்தின் ஆண்டறிக்கை கருதியது. எது எப்படியாயினும், கூடுதல்களைத் தகட்டிலேயே வைத்து விற்கும் முறையை மறுபரிசீலனை செய்வதாகக் கேப்காம் மே மாதமே அறிவித்துவிட்டது. அன்று பூட்டிக் கிடந்த எலீனா, 2014இல் ‘அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’க்கு வந்த ஐவருள் ஒருவராக மறுபடி விற்கப்பட்டார் என்பது ஒரு சிறு குறிப்பு.

மறுபக்கத்தில் டெக்கன் வரிசையின் தலைவர் கட்சுஹிரோ ஹராடா, பாத்திரங்களைச் சதுரங்கக் காய்களுக்கு ஒப்பிட்டு, காய்களைத் தனித்தனியே விற்பது தகாது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொல்லி வந்தார். 2012 செப்டம்பரில் வந்த ‘டெக்கன் டேக் டோர்னமெண்ட் 2’இன் கூடுதல் பாத்திரங்களும் இலவசமாகவே தரப்பட்டன. ஒப்புமை கூர்மையானது, ஏனெனில் ஆட்டத்தில் எதிரியிடம் உள்ள காயை அறியாதவர் தோற்கிறார். ஆனால் 2017இல் வீடுகளுக்கு வந்த ‘டெக்கன் 7’ ஆண்டுக்கொரு தொகுப்பாகப் பாத்திரங்களை விற்றது. 2019இல் ஒவ்வோர் அடியும் எத்தனை சட்டக நேரம் எடுக்கும் என்று திரையில் காட்டும் பயிற்சி வசதியையும் தனி விலைக்கு விற்றது. சட்டகம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. இவ்வகையில் தேர்ந்தவர்கள் அந்தக் கணக்கில்தான் சிந்திக்கிறார்கள். காயை விற்கத் தயங்கிய வரிசை பலகையின் கோடுகளுக்கும் விலை வைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஒரே தயாரிப்பைப் பல ஆண்டுகள் திருத்திப் பேணும் செலவு உயர்ந்ததையும் இங்கே மறக்கலாகாது. புதுத் தகடு போட்டு விற்கும் பழைய வழி மறைந்த பிறகு அந்தச் செலவு எங்கிருந்தாவது வர வேண்டியிருந்தது.

2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுடன் வந்த ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’ பூட்டையே முகப்பில் மாட்டி வைத்தது. விளையாட்டு இலவசம், அதில் ஒரு பாத்திரம் மட்டும் திறந்திருக்கும், மற்றவர்களை ஒவ்வொருவராகவோ மொத்தமாகவோ வாங்கலாம். எல்லாப் பாத்திரங்களும் எல்லோர் கன்சோலிலும் இருந்தார்கள், எவரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. 2016 பிப்ரவரியில் 16 பாத்திரங்களோடு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ இந்த வழியையும் பழைய நிலவறை வழியையும் கலந்தது: முதல் ஆண்டில் சேர்ந்த 6 பேரில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 6 டாலர், அல்லது ஆடிச் சேர்க்கும் ஃபைட் மணி என்ற போலி நாணயத்தில் ஓர் இலட்சம். ஒருமுறை மட்டும் கிடைக்கும் பரிசுகள் தீர்ந்த பின் அந்த ஓர் இலட்சம் மெதுவாகவே சேர்ந்தது. தனி ஆட்டக்காரருக்கான அடிப்படை வசதிகள்கூட இல்லாமல் வெளியிட்டதால் இதுவும் முதலில் தடுமாறி, மார்ச் இறுதிக்குள் 20 இலட்சம் பிரதிகள் என்ற இலக்குக்கு 14 இலட்சத்தையே எட்டியது. ஆனால் 2012இல் எழுந்த குற்றச்சாட்டு மட்டும் எழவில்லை.

இத்தனைக்கும் பூட்டு அப்படியே இருந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’க்கு வந்த ஒவ்வொரு இலவசத் திருத்தக் கோப்பும் புதிய பாத்திரத்தை வாங்கியவர், வாங்காதவர் ஆகிய எல்லோருடைய கன்சோலிலும் முழுமையாகக் கொண்டுபோய் வைத்தது, பணம் செலுத்தியவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு சிறு உரிமக் குறிப்பு மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும், ஆனால் ஆட முடியாத பாத்திரம் என்னும் 2012இன் நிலை இன்று இவ்வகை முழுவதற்கும் இயல்பான நிலை. கையில் பிடித்து எனது என்று சொல்லத்தக்க தகட்டிலிருந்து, இரவோடு இரவாகத் தானே மாறிக்கொள்ளும் கன்சோல் வட்டுக்குப் பூட்டு இடம்பெயர்ந்ததும் சினம் அடங்கிவிட்டது. செய்து முடித்த நாள் எது என்பதைத் தகடு காட்டிக்கொடுத்தது. திருத்தக் கோப்பு காட்டிக்கொடுப்பதில்லை. 2017இல் வந்த ‘மார்வெல் வர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்’ ஒரு விதிவிலக்கு: பின்னர் விலைக்கு வந்த பிளாக் பேந்தர், சிக்மா, மான்ஸ்டர் ஹண்டர் ஆகியோர் அதன் கதைக் காட்சிகளிலேயே நடமாடியதால் பழைய முணுமுணுப்பு மீண்டும் கேட்டது.

வாங்காதவரின் குறை இன்னொன்று உண்டு. விலையைப் பற்றிய கூச்சலில் அது அதிகம் கவனிக்கப்படவில்லை. புதிய பாத்திரம் இணைய மோதலில் அவரை எதிர்த்து வரும்; ஆனால் பயிற்சி அறையில் அதை எதிரியாக நிறுத்திப் பழகப் பல விளையாட்டுகள் இடமளிப்பதில்லை. வாங்காத ஒன்றின் கையால் தோற்று, அதைப் படிப்பதற்காகவே வாங்க வேண்டிய நிலை இதனால் உண்டாகிறது. 2023இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆடிச் சேர்த்த சீட்டுகளைக் கொடுத்துக் கூடுதல் பாத்திரத்தைக் குறுகிய நேரம் இரவல் எடுக்கும் வழியைத் தந்தது. இது முழு விடை ஆகாவிட்டாலும் குறையை உணர்ந்து தந்த விடை. போட்டி நடத்துவோருக்கோ உரிமங்கள் தகட்டோடு வராமல் கணக்குகளோடு ஒட்டியிருப்பதால், அரங்கில் உள்ள ஒவ்வொரு கன்சோலிலும் எல்லாப் பாத்திரங்களும் திறந்திருப்பதை உறுதிசெய்வது தனி வேலையாகிவிட்டது.

சட்டத்தின் பார்வையில் 2012இன் தகடு யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இரு விடைகள் உண்டு. பிரதியை வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கலாம், கொடுக்கலாம். ஆனால் 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம், உரிமம் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. நிறுவனம் ஆதரவை நிறுத்திய விளையாட்டுகளுக்கு 2015இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரையின்பேரில் ஒரு விலக்கு தரப்பட்டது. சரிபார்க்கும் வழங்கி நின்றுவிட்டால், சட்டப்படி பெற்ற விளையாட்டைத் தன் வீட்டில் தொடர்ந்து ஆடுவதற்காக அந்தப் பூட்டைத் தாண்டலாம். விலை கொடுத்துத் திறக்கப்படாத பாத்திரத்தைச் சட்டப்படி பெற்றது என்று வாதிடுவது கடினம். சிபிஎஸ்-2 பலகைகளின் மறையாக்கத்தை 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் உடைத்ததால் மின்கலம் செத்த பலகைகள் மறுபடி ஓடுகின்றன. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கடையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 29 அன்று மூடியது. அந்தக் கன்சோலிலிருந்து புதிதாக எதையும் வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. பழைய பொருள் கடையில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்’ தகட்டை இன்று வாங்கி அந்தக் கன்சோலில் இடுபவருக்கு 38 பாத்திரங்கள் ஆடக் கிடைக்கின்றன. மற்ற பன்னிருவரின் கோப்புகளும் அதே தகட்டில்தான் இருக்கின்றன.